கிள்ளான் பள்ளத்தாக்கின் வெள்ள வரலாறும் நமது நினைவும்

மொழி வளர்ச்சிக்கென அமைந்த இவ்வரங்கில் மழையையும் வெள்ளத்தையும் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு நமது விடை எளியது. ஓர் ஊரின் இடர்கள் அவ்வூரார் பேசும் மொழியில் எழுதி வைக்கப்படாவிடின், அடுத்த தலைமுறை அவற்றை முதன்முறையாகச் சந்திப்பதுபோலவே சந்திக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் வெள்ளங்களில் தமிழர்கள் தொடக்க முதலே நனைந்திருக்கிறார்கள். ஆயினும் அவ்வெள்ளங்களைப் பற்றித் தமிழில் நாம் எழுதி வைத்திருப்பது மிகக் குறைவு. இவ்வுரை அக்குறையைப் பற்றியது. அதைத் தீர்க்கும் வழியைப் பற்றியதும் ஆகும்.

பெயரில் உள்ள ஆறு

முதலில் நிலத்தைக் காண்போம். கிள்ளான் ஆறு தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் தோன்றி, கோலாலம்பூரின் நடுவே புகுந்து, பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் வழியாகக் கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதற்கு நீர் வழங்கும் வடிநிலத்தின் பரப்பு 1,288 சதுர கிலோமீட்டர். ஆறு என்ற அளவில் இது சிறியது. ஆனால் இந்நாட்டில் மக்கள் மிக நெருங்கி வாழும் நிலம் இதுவே.

'கோல' என்னும் மலாய்ச் சொல் ஆறு மற்றோர் ஆற்றிலோ கடலிலோ கலக்கும் இடத்தைக் குறிக்கும். 'லும்பூர்' என்றால் சேறு. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் சேற்றுமுகமே கோலாலம்பூர். தமிழில் இத்தகைய இடத்தைக் 'கூடல்' என்போம். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், தாழ்ந்த கரையில், படகு மேலே செல்ல இயலாத எல்லையில் இவ்வூர் எழுந்தது. 1857ஆம் ஆண்டு ஈயம் தேடிப் புறப்பட்ட சீனத் தொழிலாளர்கள் இக்கூடலில் இறங்கியே அம்பாங் நோக்கி நடந்தனர். படகுத்துறைக்கு ஏற்ற இடம் வெள்ளத்திற்கும் ஏற்ற இடமாக இருந்தது.

மழையின் இயல்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். கோலாலம்பூரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் பெருமழையைக் கிழக்குக் கரை மாநிலங்களே பெரும்பாலும் தாங்குகின்றன. இடையில் நிற்கும் மலைத்தொடர் மேற்குக் கரைக்கு அரணாக உள்ளது. நமது பகுதியில் அடிக்கடி காண்பது பருவங்கள் மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை வேளையில் கொட்டித் தீர்க்கும் இடிமழை. அது ஓரிரு மணி நேரத்தில் திடீர் வெள்ளமாகி, ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆனால் சில ஆண்டுகளில் பருவமழை மலையைக் கடந்து இப்பக்கமும் நாள் கணக்கில் பெய்கிறது. பேரழிவு அப்போதே நிகழ்கிறது.

1881: தீயும் நீரும்

1880ஆம் ஆண்டு சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டே ஊர் இருமுறை அழிந்தது. 1881 ஜனவரியில் தீ மூண்டது. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன வீடுகள் சாம்பலாயின. அவ்வாண்டின் இறுதியில் பெருவெள்ளம் வந்து, மீண்டும் கட்டியவற்றைக் கொண்டு சென்றது. அப்போது தமிழர்களும் இவ்வூரில் இருந்தனர். மகா மாரியம்மன் ஆலயம் 1873லேயே இங்கு நிறுவப்பட்டுவிட்டது என்பதே அதற்குச் சான்று.

ஊரை மீண்டும் எழுப்பும் பணியில் கப்பித்தான் யாப் ஆ லோய் முன்நின்றார். 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டடங்கள் எழுப்பப்பட வேண்டும் என்றார். செங்கல்லுக்குக் களிமண் வேண்டும். சூளைக்கு இடம் வேண்டும். ஊருக்குத் தெற்கே, ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் செங்கற்சூளைகள் எழுந்தன. அவ்விடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் இரயில்வேயின் பணிமனைகளும் குடியிருப்புகளும் அங்கு அமைய, இரயில்வேயில் உழைத்த தமிழர்களின் வாழிடமாக அது வளர்ந்தது. இன்று நாம் பெருமையோடு சொல்லும் பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர், தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த ஓர் ஊரை மீண்டும் கட்டிய வரலாற்றின் எச்சம் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

1926: ஊரை நகர்த்தினர், ஆற்றை நகர்த்தினர்

அடுத்த பெருவெள்ளத்திற்கு முன் ஆறே மாறத் தொடங்கியிருந்தது. ஈயலம்பங்களில் மண்ணைக் கரைத்து ஈயத்தைப் பிரித்தபோது, மிஞ்சிய மணலும் சேறும் ஆற்றில் சேர்ந்தன. ஆற்றின் படுகை உயர்ந்தது. படுகை உயர்ந்தால் அதே அளவு மழைக்கே ஆறு கரை புரளும். காடழிந்த சரிவுகளும் தம் பங்கிற்கு மண்ணை இறக்கின.

1926ஆம் ஆண்டின் இறுதியில் தீபகற்பம் முழுவதும் பெருவெள்ளம் சூழ்ந்தது. கிளந்தானில் அதனைச் 'செந்நீர் வெள்ளம்' என்னும் பொருள்படும் பெயரால் இன்றும் நினைவுகூர்கின்றனர். கோலாலம்பூரின் வணிகத் தெருக்களும் நீரில் மூழ்கின. இந்த ஒரே வெள்ளத்திற்குச் சிலாங்கூரில் இருவேறு விடைகள் தரப்பட்டன. அவற்றை ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும்.

முதல் விடை கோல குபுவினுடையது. அவ்வூர் சிலாங்கூர் ஆற்றின் வடிநிலத்தைச் சேர்ந்தது. எனினும் அதன் துயரம் நமக்குப் பாடமாகிறது. 1883 அக்டோபரில் அங்கிருந்த பழைய அணை உடைந்து ஊரை அழித்தது. அரசு அதிகாரி ஒருவரும் அதில் உயிரிழந்தார். அதன்பின்னும் சுரங்க மண் ஆற்றை நிரப்ப, வெள்ளம் வந்த வண்ணம் இருந்தது. 1926க்குப் பின்னர் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. உயர்ந்த இடத்தில் புதிய ஊர் அமைக்கப்பட்டது. அதுவே கோல குபு பாரு, அதாவது புதிய கோல குபு.

இரண்டாம் விடை கோலாலம்பூருடையது. தலைநகரை நகர்த்த இயலாது. ஆகவே ஆற்றை நேராக்கினர், வளைவுகளை வெட்டினர், கரைகளை உயர்த்தினர். 1932இல் வடிகால் நீர்ப்பாசனத் துறையும் தோன்றியது. நேராக்கப்பட்ட ஆறு நீரை விரைந்து கடத்தும். கரை உயர்ந்தபின் அதன் ஓரத்தில் அச்சமின்றிக் குடியேறலாம் என்ற எண்ணமும் பிறக்கும்.

இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. ஊரை நகர்த்தியவர்கள் வெள்ளத்தை மறக்காமலேயே வாழ்ந்தனர். ஏனெனில் அவர்களின் ஊர்ப்பெயரிலேயே 'புதிய' என்னும் சொல் நிற்கிறது. ஆற்றை நகர்த்தியவர்களுக்கு அத்தகைய நினைவூட்டல் எதுவும் இல்லை.

1971: நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்

1971 ஜனவரித் தொடக்கத்தில் பருவமழை மலையைக் கடந்தது. கிள்ளான், கோம்பாக், பத்து ஆறுகள் ஒருங்கே கரை புரண்டன. தலைநகரின் நடுப்பகுதி நாள் கணக்கில் நீரில் கிடந்தது. பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். கோலாலம்பூரில் மட்டும் ஏறத்தாழ 180,000 பேர் பாதிக்கப்பட்டனர்.

1926க்கும் 1971க்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள். முன்னதைக் கண்டவர்கள் முதுமை எய்தியிருந்தனர், அல்லது மறைந்திருந்தனர். இடைப்பட்ட காலத்தில் ஆற்றோரங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறியிருந்தன. அவர்களுள் தமிழர்களும் இருந்தனர். 1950களிலும் 1960களிலும் ஆங்கிலேயர் தம் தோட்டங்களைப் பிரித்து விற்றபோது, வேலையும் லயத்து வீடும் ஒருங்கே இழந்த தொழிலாளர்கள் பிழைப்பைத் தேடி நகரத்திற்கு வந்தனர். தோட்டத் துண்டாடல் என்று நமது வரலாற்று நூல்கள் கூறுவது இதனையே. நகரத்தில் அவர்களுக்கு எட்டிய நிலம் புறம்போக்கு நிலம். ஆற்றங்கரை, இரயில் தண்டவாளத்தின் ஓரம், கைவிடப்பட்ட ஈயக்குட்டையின் அருகு ஆகிய இடங்களில் பலகை வீடுகள் எழுந்தன. வேறு எவரும் விரும்பாத நிலமே ஏழைக்குக் கிடைத்தது. அந்நிலத்தை வேறு எவரும் விரும்பாததற்கு நீரும் ஒரு காரணம்.

இவ்வெள்ளத்திற்குப் பின் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அதே ஆண்டு நிறுவப்பட்டது. ஆறுகள் அகலப்படுத்தப்பட்டன. 1958இல் குடிநீருக்கெனக் கட்டப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணை வெள்ளத் தடுப்பிலும் பங்கு பெற்றது. 1987இல் பத்து அணை நிறைவுற்றது. பத்து, ஜிஞ்சாங் பகுதிகளின் பழைய ஈயக்குட்டைகள் வெள்ளநீரைத் தேக்கும் குளங்களாயின. முன்னொரு காலத்தில் ஆற்றைத் தூர்த்த தொழிலின் பள்ளங்களே பின்னாளில் ஆற்றின் பெருக்கைத் தாங்கின என்பது எண்ணத்தக்கது.

நீர் மிகுவது போலவே குறைவதும் இப்பள்ளத்தாக்கிற்கு இடராகும். 1998இல் எல் நினோ வறட்சியால் அணைகளில் நீர் தாழ்ந்து, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் நீர்ப் பங்கீடு நடைபெற்றது. வாளிகளோடு வரிசையில் நின்றவர்களுள் பலர் இன்று ஆசிரியர்களாக இவ்வரங்கில் அமர்ந்திருக்கக்கூடும்.

மலைச்சரிவின் பாடம்

தாழ்நிலத்தில் வெள்ளமாக வரும் அதே மழை, உயர்நிலத்தில் மண்சரிவாக வருகிறது. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் மூன்று கட்டடங்களுள் ஒன்று சரிந்து வீழ்ந்தது. 48 பேர் உயிரிழந்தனர். பல நாள் பெய்த மழையும், சரிவில் முறையாகப் பேணப்படாத வடிகாலும் மண்ணை இளக்கின. 1995 ஜூனில் கெந்திங் மலைக்குச் செல்லும் வழியில் சேறும் பாறையும் மரங்களும் சரிந்து 20 பேரைக் கொன்றன. 2022 டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தோர் மீது நள்ளிரவைக் கடந்த வேளையில் மண் சரிந்தது. 31 பேர் மாண்டனர்.

மேற்கூறிய நிகழ்வுகளில் ஏழை, செல்வர் என்ற வேறுபாடு இல்லை. மழை இறங்கும் வழியை மறித்தவர்களும், அவ்வழியை அறியாது அதில் தங்கியவர்களும் ஒருங்கே துன்புற்றனர்.

2021: அறிந்திருக்க வேண்டிய வெள்ளம்

2007இல் கோலாலம்பூரில் ஸ்மார்ட் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கம், மழையற்ற காலத்தில் தன் ஒரு பகுதியில் வாகனங்களை விடுகிறது. பெருமழையில் வாகனங்களை வெளியேற்றிவிட்டு வெள்ளநீருக்கு வழிவிடுகிறது. கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் கூடும் இடத்தருகே நீரைப் பெற்று, நகர மையத்தைத் தவிர்த்து, தாமான் டேசாவில் உள்ள குளத்தில் தேக்கிப் பின்னர் வெளியிடுகிறது. உலகப் பொறியாளர்கள் வியந்த பணி இது. ஆனால் இது நகர மையத்தைக் காப்பதற்கென அமைந்தது. கீழே உள்ள ஷா ஆலமுக்கும் கிள்ளானுக்கும் அது காவலாகாது.

2021 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் தென்சீனக் கடலிலிருந்து வந்த தாழ்வழுத்தம் தீபகற்பத்தைக் கடந்தது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரு நாளில் பெய்தது. ஷா ஆலத்தில் கிள்ளான் ஆற்றை ஒட்டித் தாழ்ந்திருக்கும் தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் முதல் மாடியை நெருங்கியது. தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் குடியிருப்பு அது. மக்கள் கூரைகளிலும் மேல்மாடிகளிலும் இரவும் பகலும் காத்திருந்தனர். தன்னார்வலர்கள் படகுகளோடு வந்தனர். கோயில்களும் குருத்துவாராவும் பள்ளிவாசல்களும் சமைத்து அனுப்பின. நாடளவில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என மதிப்பிடப்பட்டது. அதில் ஏறத்தாழப் பாதி சிலாங்கூரினுடையது.

நீர் ஏன் வடியவில்லை என்று மாணவர்கள் கேட்கலாம். கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கடலின் ஏற்றவற்றம் புகுகிறது. கடல் ஏறும் வேளையில் கழிமுகம் ஆற்றுநீரை ஏற்காது. நீர் தேங்கி நிற்கும். கரையைக் காக்கக் கட்டிய அணைகளே, உள்ளே புகுந்த நீரை வெளியேற விடாமலும் தடுக்கும். அப்போது இறைப்பிகளும் மதகுகளும் பழுதின்றி இயங்கினால் மட்டுமே குடியிருப்பு தப்பும்.

இங்கே நாம் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே தாமான் ஸ்ரீ மூடா 1995 இறுதியிலும் பெருவெள்ளத்தில் மூழ்கியது. இடையில் இருபத்தாறு ஆண்டுகள். 1995ஐக் கண்ட சிலர், 2021இல் மழை நிற்காததைக் கண்டவுடன் பொருள்களை மேலேற்றவும் வாகனத்தை மேட்டில் நிறுத்தவும் அறிந்திருப்பர். பின்னர் குடிவந்தவர்களுக்கு அதைச் சொல்ல எந்தச் சுவரிலும் ஒரு குறி இல்லையெனில், அவர்கள் எங்ஙனம் அறிவர்?

இரண்டு கடமைகள்

இதுவரை கண்ட வரலாற்றிலிருந்து ஒரு முறைமை புலனாகிறது. வெள்ளம் வருகிறது. அதற்குப் பின் பெரும்பணி ஒன்று நடைபெறுகிறது. அப்பணி மெய்யாகவே பயன் தருகிறது. சிறு வெள்ளங்கள் குறைகின்றன. அவை குறைவதால் மக்கள் பெருவெள்ளத்தை மறக்கின்றனர். இன்னும் தாழ்ந்த நிலத்தில் வீடுகள் எழுகின்றன. அடுத்த பெருவெள்ளம் முன்னினும் மிகுந்த மக்களைச் சந்திக்கிறது. பொறியாளர் செய்ய வேண்டியதைப் பொறியாளர் செய்யட்டும். மறதியைத் தடுக்கும் பணி ஆசிரியருடையது.

முதற்கடமை, பதிவு செய்தல். 1971இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று அறுபதைக் கடந்தவர். அவர்களிடம் நமது மாணவர்கள் சென்று கேட்க வேண்டும். வெள்ளம் வந்த நாள் எது, நேரம் எது? நீர் எத்திசையிலிருந்து புகுந்தது? வீட்டின் எந்தப் படி வரை ஏறியது? எத்தனை நாளில் வடிந்தது? யார் வந்து உதவினர்? எங்கே தங்கினீர்கள்? இக்கேள்விகளுக்கான விடைகளை ஆண்டுதோறும் ஒரு வகுப்பு திரட்டினால், கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் ஒரு வெள்ளப் பதிவேடு உருவாகும். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' இதழின் பழைய படிகள் நூலகங்களில் கிடைக்கும் இடங்களில், ஆய்வு மாணவர்கள் அவற்றிலும் தேட வேண்டும். திரட்டிய அளவுகளைப் பள்ளியின் வரைபடத்தில் குறித்தால், உயர்ந்த இடம் எது, தாழ்ந்த இடம் எது என்பதை ஒரு சிறுவனும் அறிவான்.

ஊர்ப்பெயர்களையும் இப்பதிவேட்டில் சேர்க்கலாம். 'பாயா' என்றால் சதுப்பு. 'ரந்தாவ்' என்றால் ஆற்றின் நீண்ட போக்கு. 'லெம்பா' என்றால் பள்ளத்தாக்கு. தமிழகத்தில் 'தாங்கல்' என்று முடியும் ஊர்ப்பெயர் முன்பு நீர் தேங்கிய இடத்தைச் சொல்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, ஏரியும் சதுப்பும் இருந்த இடங்களில் எழுந்த குடியிருப்புகள் பெருந்துன்பம் அடைந்தன. பெயரின் பொருளைக் கற்பிக்கும் மொழி வகுப்பு, நிலத்தின் இயல்பையும் கற்பிக்கிறது.

இரண்டாம் கடமை, எச்சரிக்கையை மொழிபெயர்த்தல். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழை எச்சரிக்கையை மூன்று நிலைகளில் வெளியிடுகிறது: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. அவற்றுக்குரிய மலாய்ச் சொற்கள் 'வாஸ்பாடா', 'புரோக்', 'பஹாயா' என்பன. இவற்றை 'விழிப்பு', 'கடுமை', 'அபாயம்' என வழங்கலாம் என்பது நமது கருத்து. எச்சொல்லை ஏற்பினும், ஆண்டுதோறும் ஒரே சொல்லை, எல்லாப் பள்ளிகளிலும் எல்லாக் கோயில்களிலும் வழங்க வேண்டும். தனித்து வாழும் மூதாட்டி ஒருவரின் கைப்பேசிக்கு வரும் செய்தியைப் பேரன் தமிழில் படித்துச் சொல்லும்போது, அதிலுள்ள சொல் அவருக்குப் பழகியதாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் அடையாள அட்டையையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்பது ஐயமின்றி விளங்க வேண்டும். 'மதகு', 'கலிங்கு', 'வடிகால்', 'வாய்க்கால்', 'கழிமுகம்' என நீரைப் பற்றி இத்துணைச் சொற்கள் உள்ள மொழியில் ஓர் எச்சரிக்கை சொல்ல இயலாது என்பது பொருந்தாது.

ஆசிரியப் பெருமக்களே, வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. கல்லாலும் மண்ணாலும் ஆன அணைகள் இப்பள்ளத்தாக்கில் உள்ளன. எழுத்தால் ஆன அணை இன்னும் எழவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு பள்ளியும் ஒரு குறிப்பேட்டைத் திறக்கட்டும். அதன் முதற்பக்கத்தில் 1881, 1926, 1971, 1995, 2021 என்னும் ஐந்து ஆண்டுகளை எழுதுக. ஒவ்வோர் ஆண்டிற்கும் எதிரே, உங்கள் பள்ளி இருக்கும் இடத்தில் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை மாணவர்கள் தேடிக் கண்டு நிரப்பட்டும்.